மரியாதை லீக்

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நாங்கள் நாலைந்து பேர், எல்லோருமே பென்ஷன்காரர்கள். நடை முடிந்ததும் சுவரில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவோம். அடுத்து எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜெர்மனியில் சார்லாந்து என்று ஒரு குட்டி மாநிலம், அங்கே உள்ள ஊர்க் கால்பந்து லீக்கைப் பற்றி என்றேன். "ஏம்பா, ஆறாம் படியில ஆடுறவங்களைப் பத்தி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். அவருக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சார் என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அறுபதுகளின் தொடக்கத்திலும் எங்கள் வகுப்பில் பழைய பிரெஞ்சு வரைபடப் புத்தகம்தான் இருந்தது. அதில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே, இரண்டின் நிறமும் இல்லாமல் வெளிறிய தனி நிறத்தில் ஒரு துண்டு இருக்கும். 'லா சார்' என்று போட்டிருக்கும். இது யாருடையது என்று ஒருவன் கேட்டதற்கு, எங்கள் முசியே கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "முன்பு கொஞ்சம் நம்முடையது" என்றார். எங்களைப் பார்த்து 'நம்முடையது' என்றாரே, அதுவே ஒரு வேடிக்கைதான். அப்போது புதுச்சேரியும் அதே மாதிரி வெளிறிய நிறத்தில்தான் இருந்தது. 1954-இல் கைமாறி, 1962-இல்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது.

சார் பகுதியின் கதை நம் ஊர்க் கதையைவிடச் சிக்கலானது. நிலக்கரியும் இரும்பு ஆலைகளும் நிறைந்த இடம் என்பதால் அதன்மேல் எல்லோருக்கும் கண். முதல் உலகப் போருக்குப் பின் 1920 முதல் 1935 வரை உலக நாடுகள் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. 1935-இல் வாக்கெடுப்பு நடந்து ஜெர்மனியோடு சேர்ந்தது. இரண்டாம் போர் முடிந்ததும் பிரான்சு அதைத் தன் நிழலில் வைத்துக்கொண்டது. 1947-இல் தனி அரசியல் சட்டம், தனிக் கொடி, பிரெஞ்சு பிராங்க் நாணயம் எல்லாம் வந்தன. நாடு என்றும் சொல்ல முடியாது, மாகாணம் என்றும் சொல்ல முடியாது. மக்கள் பேசுவது ஜெர்மன், சம்பளம் வாங்குவது பிராங்கில்.

கால்பந்து இல்லாமல் அங்கே ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒவ்வொரு சுரங்க ஊரிலும் ஒரு கழகம் உண்டு. போர் முடிந்ததும் இந்தக் கழகங்கள் பிரெஞ்சு ஆக்கிரமிப்புப் பகுதியின் ஜெர்மன் லீக்கில் ஆடின. 1948-இல் அங்கிருந்து விலக வேண்டியதாயிற்று. தனிச் சம்மேளனம் அமைத்து, தங்களுக்குள்ளேயே ஆட ஒரு லீக்கும் அமைத்துக்கொண்டார்கள். அதற்கு 'எரன்லீகா' என்று பெயர். 'எர' என்றால் மரியாதை, கௌரவம். நான் அதை மரியாதை லீக் என்றுதான் மனதில் வைத்திருக்கிறேன்.

தலைநகர் சார்ப்ரூக்கனின் பெரிய கழகம் மட்டும் அதில் ஆடவில்லை. 1948-49 பருவத்தில் அது விருந்தாளியாகப் பிரெஞ்சு இரண்டாம் பிரிவில் ஆடியது. பெயரைக்கூட எஃப்.சி. சார்ப்ரூக் என்று பிரெஞ்சாக்கிப் போட்டார்கள். அவர்கள் ஆட்டங்கள் கணக்கில் சேராது என்பது ஏற்பாடு. கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அவர்கள்தான் முதலிடம்! முதல் பிரிவுக்கு ஏறியதோ லான்ஸ், போர்தோ கழகங்கள். சரி, அடுத்த ஆண்டாவது முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது பிரெஞ்சுக் கழகங்கள் மறுத்துவிட்டன. அல்சாஸ் பக்கத்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானியர் அங்கே செய்ததை நினைத்தால் அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சுச் சம்மேளனத்துக்கும் ஃபிஃபாவுக்கும் அப்போது ஒரே தலைவர், ஜூல் ரிமே. சார் கழகங்களைச் சேர்க்கலாம் என்ற பக்கத்தில் இருந்தவர் அவர். அந்த ஆண்டே பிரெஞ்சுத் தலைமையை விட்டு விலகினார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 1949-இல் சார் கழகங்களின் பிரதிநிதிகளும் கூடி, பிரெஞ்சுச் சம்மேளனத்தில் சேருவதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். வேண்டாம் என்பவர்களே அதிகம். சேர்ந்திருந்தால் பணமும் நல்ல மைதானமும் கிடைத்திருக்கும். ஜெர்மனியோடு ஆட வழியில்லை, பிரான்சோடு ஆட மனமில்லை. ஆகவே நொய்ன்கிர்ஷன், ஃபோல்க்லிங்கன் போன்ற ஆலை ஊர்களும் சின்னச் சின்னச் சுரங்கக் கிராமங்களும் தங்களுக்குள்ளேயே மூன்று பருவம் ஆடித் தீர்த்தன. பத்து லட்சம் பேர்கூட இல்லாத இடம். வெளியூர் ஆட்டம் என்றாலும் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

1950-இல் சார்லாந்து ஃபிஃபாவிலேயே உறுப்பினர் ஆயிற்று, மேற்கு ஜெர்மனிக்கும் முன்னால். 1951-இல் மறுபடி ஜெர்மன் லீக்கோடு சேரவும் கதவு திறந்தது. சார்ப்ரூக்கனும் நொய்ன்கிர்ஷனும் தென்மேற்கு ஓபர்லீகாவுக்குப் போயின. அரசியலில் அந்தப் பகுதி ஜெர்மனியோடு சேர்ந்தது 1957 ஜனவரி முதல் தேதியில்தான். பந்து ஆறு ஆண்டு முந்திக்கொண்டது.

அந்த இடைக்காலத்தில் நடந்தவற்றைக் குமாஸ்தாவாக இருந்தவன் எவனும் ரசிப்பான். விதிக்கும் நடப்புக்கும் ஒட்டவே ஒட்டாது. 1952-இல் ஜெர்மன் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் சார்ப்ரூக்கன் ஆடியது. ஸ்டுட்கார்ட்டிடம் 3-2 என்று தோற்றது. அதாவது ஜெர்மனியில் இல்லாத ஒரு கழகம் ஜெர்மன் பட்டத்தை ஒரு கோலில் தவறவிட்டது. மறுபக்கம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதே ஆட்டக்காரர்கள் சார்லாந்து என்ற நாட்டுக்காக ஜெர்மனியை எதிர்த்து ஆடினார்கள். நார்வேயை ஓஸ்லோவில் 3-2 என்று வென்றார்கள். ஜெர்மனியிடம் ஸ்டுட்கார்ட்டில் 3-0, 1954 மார்ச்சில் சொந்த ஊரில் 3-1 என்று தோற்றார்கள். ஆனாலும் பிரிவில் நார்வேக்கு மேலே இரண்டாமிடம். அந்த ஜெர்மன் அணிதான் சில மாதங்களில் உலகக் கோப்பையைத் தூக்கியது. சார் அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன். 1974-இல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த அதே மனிதர்.

1955-இல் ஐரோப்பியக் கோப்பை என்று புதிதாக ஒன்று தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து எஸ்ஸென் போனது, சார்லாந்தின் பெயரில் சார்ப்ரூக்கன் போனது. மிலானுக்கே போய் ஏ.சி. மிலானை 4-3 என்று வென்றார்கள். தேதி 1955 நவம்பர் 1. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அந்த ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 23-இல், சார் மக்களுக்கு ஒரு வாக்கெடுப்பு. பிரான்சும் வேண்டாம், ஜெர்மனியும் வேண்டாம், ஐரோப்பாவின் பொதுப் பகுதியாக இருங்கள் என்று ஒரு மூன்றாம் வழி சொன்னார்கள். நூற்றுக்கு 67 பேருக்கு மேல் முடியாது என்றார்கள். அதற்கு அர்த்தம் ஜெர்மனி என்பதுதான். நம் பக்கம் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியா என்றார்கள். அங்கே மக்கள் எல்லோரும் வாக்குச் சாவடிக்குப் போனார்கள், இங்கே பிரதிநிதிகள் போனார்கள். இந்த வேறுபாட்டை என் அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார், முடிவு சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாதபோதும்.

சரி, லீக்குக்கு வருகிறேன். பெரிய கழகங்கள் 1951-இல் மேலே போனபின் மற்ற ஊர்கள் ஆடிய லீக்குக்கு அமெச்சூர் லீக் சார்லாந்து என்று பெயர் ஆயிற்று. அதற்கு மேலே ஓபர்லீகா, இரண்டாம் ஓபர்லீகா என்று இரண்டு. ஆக, முதல் படியில் இருந்தது மூன்றாம் படி ஆயிற்று. 1963-இல் பூண்டஸ்லீகா வந்தது, 1974-இல் இரண்டாம் பூண்டஸ்லீகா வந்தது. அப்போதும் மூன்றாம் படிதான். 1978-இல் நடுவே தென்மேற்கு ஓபர்லீகா என்று ஒன்றைச் செருகினார்கள். நம்முடையது பெயர் மாறி, நான்காம் படி ஆயிற்று. 1994-இல் ரீஜனல்லீகாவைச் செருகினார்கள், ஐந்தாம் படி. 2008-இல் மூன்றாம் லீக் என்று நாடு முழுவதற்கும் ஒன்று வந்தது, ஆறாம் படி. மறு ஆண்டு அந்த ஆறாம் படிக்குச் சார்லாந்து லீகா என்று பெயர் வைத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் யு.டி.சி. ஆனபோது எனக்கும் மேலதிகாரிக்கும் நடுவே ஒருவர்தான். ஓய்வு பெறும்போது நாலு பேர். நான் கீழே இறங்கவில்லை. அதே நாற்காலி, அதே மேசை, தலைக்கு மேல் அதே மின்விசிறி. மேலே மேலே புதிய பதவிகளை உண்டாக்கிக்கொண்டே போனார்கள். வேலை குறையவில்லை, கோப்பு மேலே போய்ச் சேரும் நேரம்தான் கூடியது. என் நண்பர் 'ஆறாம் படி' என்றாரே, அதற்கு முதல் பதில் இதுதான். அந்த லீக் ஆறாம் படிக்கு விழவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதே ஊர்கள், அதே ஞாயிற்றுக்கிழமை. கணக்குப் போடுகிறவர்கள்தான் மேலே இருந்து எண்ணுகிறார்கள்.

மேலே ஏறியவர்கள் கதையையும் பார்க்க வேண்டும். சார்ப்ரூக்கனை 1963-இல் பூண்டஸ்லீகாவின் முதல் பதினாறு கழகங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதற்கு அன்றே ஏகப்பட்ட முணுமுணுப்பு. முதல் பருவத்திலேயே கடைசி இடம், இறக்கம். அவர்கள் இறங்க, நொய்ன்கிர்ஷன் ஏறியது. 1968 வரை மூன்று பருவம் அங்கே ஆடியது. 1982-இல் அந்த ஊர் இரும்பாலை மூடப்பட்டது. கழகமும் படிப்படியாக இறங்கி, புறப்பட்ட இடமான மாநில லீக்குக்கே வந்தது. ஹோம்பூர்க் எண்பதுகளில் மூன்று பருவம் மேலே எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. எல்வர்ஸ்பெர்க் இன்னும் வியப்பு. சுமார் பதின்மூன்றாயிரம் பேர் வாழும் ஊராட்சி. பல பத்தாண்டுகள் மாநில அமெச்சூர் லீக்குகளில் உருண்டு, 2023-இல் இரண்டாம் பூண்டஸ்லீகாவுக்கு ஏறி, 2025-இல் முதல் பூண்டஸ்லீகாவின் வாசல் வரை போய் ஹைடன்ஹைமிடம் தோற்றது. சார்ப்ரூக்கனும் சும்மா இருக்கவில்லை. 2020-இல் நான்காம் படியில் இருந்துகொண்டே ஜெர்மன் கோப்பையின் அரையிறுதி வரை வந்தது. அதற்கு முன் எந்த நான்காம் படிக் கழகமும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. 2023-இல் பயர்ன் மூனிக்கை 2-1 என்று வென்றது. அதுவும் நவம்பர் முதல் தேதிதான், பாருங்கள்!

இப்படி ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் காலூன்ற ஒரு தரை வேண்டும். அந்தத் தரைதான் இந்த லீக். நொய்ன்கிர்ஷன் போன்ற ஒரு கழகம் விழும்போது பிடித்துக்கொள்ள அது இருந்தது. எல்வர்ஸ்பெர்க் எழும்போது மிதித்து ஏற அது இருந்தது.

இதை நான் நேரில் பார்த்ததும் உண்டு. என் பெரியப்பா மகன் அண்ணன் சொல்தாவாகப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று எழுதித் தர ஆறு மாதம் கொடுத்தபோது அவர் பிரெஞ்சு என்று எழுதினார். என் அப்பா எழுதவில்லை. ஒரே கூட்டுக் குடும்பம், ஒரே முற்றம். ஒரு காகிதத்தால் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். அண்ணன் படைப்பிரிவோடு ட்ரியரில் சில காலம் இருந்தார், அது சார்லாந்துக்குப் பக்கம். அவர் மகன் இப்போது எல்லையில் ஃபோர்பாக்கில் இருக்கிறான். அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடத்தில் சார்ப்ரூக்கன். 2018-இல் நான் போயிருந்தபோது, "சித்தப்பா, சர்ச்சு, கோட்டை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். வாங்க, மேட்ச்சுக்குப் போகலாம்" என்று எல்லை தாண்டி ஒரு சுரங்க ஊருக்கு அழைத்துப் போனான்.

பார்க்க வந்தவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். பின்னால் பசுமை படர்ந்த ஒரு குன்று. குன்று அல்ல, சுரங்கத்திலிருந்து நூறாண்டாக அள்ளிக் கொட்டிய கழிவு மண் என்றான். சார் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2012-இல் மூடியாயிற்று. வாசலில் டிக்கெட் கிழித்தவருக்கு என் வயது. மூன்று கால் இரும்புச் சட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் வட்டக் கம்பி வலையை ஆட்டி ஆட்டிப் பன்றி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார் இன்னொருவர். அதற்கு 'ஷ்வெங்கர்' என்று பெயர், அந்த ஊர்ப் பெருமை. கோடு போட்டவர், கணக்கு எழுதியவர், பந்து எடுத்துக் கொடுத்த பையன்கள், ஒருவருக்கும் சம்பளம் இல்லை. சம்பளமில்லாத இந்தப் பொறுப்புக்கு ஜெர்மனில் 'எரன்ஆம்ட்' என்று பெயர். மரியாதைப் பதவி. எரன்லீகாவில் இருந்த அதே 'எர'. முப்பத்தெட்டு ஆண்டு சம்பளத்துக்குக் கோப்பு தள்ளிய எனக்கு, ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து கணக்கு எழுதிய அந்தக் கிழவரைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. என்னோடு அவர் பிரெஞ்சில் பேசினார். எங்கே படித்தீர்கள் என்றேன். சின்ன வயதில் பள்ளியில் கட்டாயப் பாடம் என்றார். "எனக்கும்தான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தனியாகவே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மக்கள் 1955-இல் தெளிவாகச் சொன்னார்கள், அது அவர்கள் உரிமை. மரியாதை லீக் நடந்த மூன்று பருவத்தை வீணான காலம் என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல எதிரணி இல்லாமல் தேங்கிப்போன காலம் என்பார்கள். சார்ப்ரூக்கன் வெளிநாட்டு அணிகளோடு ஆடி, 1951-இல் மாட்ரிட்டுக்கே போய் ரியால் மாட்ரிட்டை 4-0 என்று வென்றது, சின்ன ஊர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவது, அந்த மூன்று பருவத்தில்தான் அவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே நடத்தப் பழகினார்கள். அந்தச் சம்மேளனம் 1957-க்குப் பிறகும் கலையவில்லை. ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் 21 வட்டாரச் சங்கங்களில் ஒன்றாக இன்றும் தனியாக இருக்கிறது. அங்கே வளர்ந்த ஹெர்மன் நொய்பெர்கர் பின்னாளில் ஜெர்மன் சங்கம் முழுவதற்கும் 1975 முதல் 1992 வரை தலைவராக இருந்தார். அந்த வட்டாரச் சங்கத்தின் பயிற்சியாளராக இருந்த யுப் டெர்வால் ஜெர்மன் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார்.

ஆக, அவர்கள் ஜெர்மனியோடு சேர்ந்தார்கள், கரைந்துபோகவில்லை. நம் பக்கத்தில் இந்த இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். எல்லாவற்றையும் பெரியதோடு சேர்த்துவிட்டால் நிர்வாகம் எளிது என்று என் அலுவலக நாட்களில் பல சுற்றறிக்கை பார்த்திருக்கிறேன். சேர்த்த பிறகு உள்ளூர்க்காரன் தன் சின்ன விஷயத்துக்கும் நூறு மைல் தள்ளி மனுப் போட வேண்டியிருக்கும். ஒரு பகுதி பெரிய நாட்டோடு மனமாரச் சேரலாம். அதே சமயம் தன் பிள்ளைகள் எந்த மைதானத்தில் எந்த நேரம் ஆட வேண்டும் என்பதையாவது அதுவே தீர்மானிக்க வேண்டும். அதை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

அன்று ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அதைப் பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு எழுதிய கிழவர் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். அடுத்த வாரம் வெளியூர் ஆட்டமாம். சைக்கிளிலேயே போய்விடலாம் என்றார்.

நாளைக் காலை நண்பரிடம் இதைத்தான் சொல்லப்போகிறேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பரவாயில்லை, பேச இன்னும் அரை மணி நேரம் கிடைக்கும்.